அரை டம்ளர் ஆட்டுப்பால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. ஆரணியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் விடியற்காலையில் நான் செய்த ஒரு காரியம், வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறை வரை என்னைத் துரத்திக்கொண்டு வந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. சில நாட்களாக வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று நினைத்து, இரண்டு முறை திட்டித்தான் அனுப்பினேன். பிறகு உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்தாள். வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். ஒரு நாள் காலையில் தலை பின்னும்போது, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருப்பதுபோல் பட்டது. அப்போதும் நம்பவில்லை. என் கணவர் வீட்டிலேயே பட்டு நெய்கிறவர். தறியில் அன்று மாம்பழ மஞ்சளில் பாவு நூல் ஏறியிருந்தது. அந்த நிறம்தான் கண்ணில் அடிக்கிறதோ என்று அவளைத் தெருவாசலுக்கு இழுத்துப் போய் நிறுத்திப் பார்த்தேன். அங்கேயும் மஞ்சள்தான்.

ஆரணியில் டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்தார். கல்லீரலில் இருந்து பித்தம் இறங்கி வரும் குழாய் விரிந்திருக்கிறது, கீழே எங்கேயோ அடைப்பு இருக்கிறது, ஆனால் குடலில் உள்ள காற்று கீழ் முனையை மறைக்கிறது என்றார். தாமதிக்காமல் வேலூருக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

வேலூர் டாக்டர் நிதானமானவர். ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். கல் அடைத்திருந்தால், வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, வயிற்றைக் கிழிக்காமல் எடுத்துவிடலாம். கீழிருந்து போக முடியாவிட்டால் விலாப்பக்கமாக ஊசி விட்டுக் கல்லீரல் வழியாக இறங்க வேண்டும். ஒருவேளை குழாயே பிறவியில் பைபோல் வீங்கியிருந்தால் ஆபரேஷன்தான்.

"எது வழியா போறதுன்னு படம் பாத்துட்டுத்தான்மா சொல்லுவேன். வழி தெரியாம ஒரு சின்னப் பிள்ளை உடம்புக்குள்ள நான் போக மாட்டேன்" என்றார்.

அந்தப் படம் எம்.ஆர்.ஐ. மெஷினில் எடுக்கும் படம். அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், சத்தமும் பயங்கரமாக இருக்கும் என்பதால், மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்களாம். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு இடம் கிடைத்தது. நடுவில் காய்ச்சல் வந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஓடி வரவேண்டும் என்றார். தமிழில் அச்சடித்த ஒரு சீட்டும் கொடுத்தார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த உணவும் கூடாது, பால் கூடாது. தண்ணீர் மட்டும் காலை எட்டு மணி வரை ஓரிரு மடக்கு கொடுக்கலாம். அந்தச் சீட்டைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வரை படித்தவள் நான் ஒருத்திதான். மருந்துச் சீட்டு, பள்ளி நோட்டீஸ், கரண்ட் பில் எல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன்.

அன்று வீடு திரும்பியதும் என் மாமியார் ஆரம்பித்தார்.

"காமாலைக்கு இன்னாத்துக்குடி மெஷினு? படவேடு பக்கத்துல பச்சிலை குடுக்கறாங்க. உன் வூட்டுக்காரனுக்கே சின்ன வயசுல அங்கதான் இறங்குச்சி. மூணு நாள் சும்மாதான இருக்கப்போறீங்க, குடுத்துட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் முதலில் இதைத்தான் செய்வார்கள். மூன்று நாள், விடிவதற்கு முன், வெறும் வயிற்றில், ஆட்டுப்பாலில் கரைத்துக் குடிக்க வேண்டும். என்ன இலை என்று சொல்ல மாட்டார்கள். நடுவில் ஒரு வேளை விட்டாலும் மருந்து பலிக்காது என்பது நம்பிக்கை.

என் கணவர், "ஆஸ்பத்திரில பாத்துகினு இருக்கோம் இல்ல, சும்மா இரும்மா" என்று தன் அம்மாவிடம் எரிந்து விழுந்தார். மாமியார் விடவில்லை. கடைசியில் என் கணவர், "சரி, ரெண்டு நாளு குடுங்க. ஸ்கேன் அன்னிக்கி ஒரு சொட்டு கூடாது" என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் இருட்டோடு வண்டி பிடித்து நானும் மாமியாரும் குழந்தையோடு போனோம். முதல் வேளையை அங்கேயே கொடுத்து, மீதி இரண்டு வேளைக்கான உருண்டைகளை இலையில் மடித்துத் தந்தார்கள். இரண்டாம் நாள் வீட்டில் கொடுத்தேன். குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மூன்றாம் நாள் ஸ்கேன் நாள்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் இரவே மாமியார் சமையலறைக்கு வந்து என் காதோடு சொன்னார். "ரெண்டு வேளையோட நிறுத்துனா குடுத்ததும் தண்டம். நாளைக்கி அந்தக் காமாலை இறங்கலன்னா, ஐயோ ஒரு வேளை விட்டுட்டமேன்னு நீதான் அழுவ. அப்புறம் உன் இஷ்டம்."

அந்த 'உன் இஷ்டம்' என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு அந்த மருந்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாததால் நான் விட்டுவிட்டு, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? செல்போனை எடுத்து, பால் செரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினேன். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி போட்டிருந்தது. எனக்குத் தோதாக இருந்ததை எடுத்துக்கொண்டேன். ஸ்கேன் பத்து மணிக்கு. ஐந்தரைக்குக் கொடுத்தால் நாலரை மணி நேரம் இருக்கிறதே, அரை டம்ளர்தானே.

காலையில் என் கணவர் வண்டி அழைத்துவர வெளியே போன நேரத்தில் கரைத்துக் கொடுத்தேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டு எனக்கு நேராகத்தான் இருந்தது. குழந்தையின் வாயைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, "அப்பா கிட்ட சொல்லாத" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். என் பிள்ளைக்கு நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அன்றுதான் முதல் முறை.

மழையில் வேலூர் போய்ச் சேரும்போது எட்டாகிவிட்டது. பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண், "குழந்தை கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டு, "நைட்டு எட்டு மணிக்கு இட்லிங்க. அதுக்கு மேல ஒண்ணும் குடுக்கல" என்றார். அவருக்குத் தெரிந்த உண்மையை அவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

உள்ளே ஒரு நர்ஸ் குழந்தையின் கொலுசைக் கழற்றச் சொன்னார். இடுப்பில் கட்டியிருந்த தாயத்தையும் கழற்றினோம். முதுகுப் பக்கம் நாடா வைத்த ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டியதும், "அம்மா, இது யாரோட நைட்டி? பெருசா இருக்குது" என்று குழந்தை சிரித்தாள். நர்ஸும் சிரித்தார். கையில் ஊசி ஏற்றும்போது அழுதாள். ஊசியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே நர்ஸ் மறுபடி கேட்டார். "காலையில பால், பிஸ்கட், ஏதாச்சும்?"

இந்த முறை என் கணவர் அங்கே இல்லை. கொலுசைப் பையில் வைக்கப் போயிருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்கே முழுதாக விளங்கவில்லை. திட்டுவார்கள் என்ற பயம் ஒன்று. கணவருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. அதைவிட, ஸ்கேனை ரத்து செய்துவிட்டால் மறுபடி எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ என்ற பயம். குழந்தையின் நெற்றி வேறு லேசாகச் சுடுவதுபோல் இருந்தது. என் கை சூடா, அவள் உடம்பு சூடா என்று புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். இன்று விட்டால் காய்ச்சல் வந்துவிடும், இன்றே முடிந்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. எட்டரை, ஒன்பது, ஒன்பதரை என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இந்நேரம் செரித்திருக்கும், இந்நேரம் செரித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுவில் மாமியார் போன் செய்தார். "குடுத்துட்டியா?" என்றார். "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரு?" என்றார் கணவர்.

"உங்க அம்மாதான். போய்ச் சேந்துட்டமான்னு கேக்கறாங்க."

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

பத்து மணிக்கு எம்.ஆர்.ஐ. அறைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அறைக்குள் குழந்தையைக் கொண்டுபோனார்கள். தூங்கும் வரை அம்மா மட்டும் கூட இருக்கலாம் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண்மணி. என் அம்மா வயது இருக்கும். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத் வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பல் ஆடுகிறதா என்று கேட்டார். பிறகு காகிதத்தைப் புரட்டி, "நைட்டு எட்டு மணிக்கு இட்லி. அதுதான கடைசி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இருந்த ஒரு ஊசிக்குழாயில் வெள்ளையாக மருந்து நிரப்பியிருந்தது. அசல் பால் மாதிரி. அந்த மயக்க மருந்து அப்படித்தான் இருக்குமாம், எனக்கு அப்போது தெரியாது. டாக்டர் அதை எடுத்து, குழந்தையின் கையில் இருந்த ஊசியோடு பொருத்தினார். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதுவும் ஆட்டுப்பாலா?" என்றாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஆட்டுப்பால் உனக்குப் பிடிக்குமா செல்லம்?" என்றார். சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டார். அவருக்குச் சந்தேகம் எதுவும் தட்டவில்லை. அவர் கட்டைவிரல் மருந்தை அழுத்தத் தயாராக இருந்தது.

"டாக்டர், நிறுத்துங்க" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். "காலையில பால் குடுத்துட்டேன். அஞ்சரைக்கு. பச்சிலை மருந்து கரைச்சு. நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர்."

அவர் ஊசிக்குழாயைக் கழற்றித் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தபோது முகத்தில் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் குரல் மாறவில்லை.

"அழாதீங்க. இப்ப எனக்கு மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க. எத்தனை மணி, எவ்வளவு, என்ன இலை?"

முதல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவது எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் வெட்கம் என்னைத் தின்றது. வேதியியல் படித்தவள், பெயர்கூடத் தெரியாத ஒன்றைப் பெற்ற பிள்ளைக்கு மூன்று நாள் கொடுத்திருக்கிறேன்.

அவர் சக்கரம் வைத்த சிறிய ஸ்கேன் கருவி ஒன்றைத் தள்ளி வரச் சொன்னார். குழந்தையின் மேல் வயிற்றில் பசை தடவி வைத்துப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க" என்றார். கருப்பாக ஒரு பை. உள்ளே வெள்ளைத் துகள்கள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன.

"இதுதான் வயிறு. நீங்க குடுத்தது இன்னும் இங்கதான் இருக்கு. மயக்கத்துல இது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். "அது மட்டும் இல்ல. பெரிய ஸ்கேன்ல தண்ணி இருக்கற இடமெல்லாம் வெள்ளையா தெரியும். நமக்கு எந்த இடம் தெரியணுமோ அது மேலயே இது வந்து உக்காந்துக்கும். படமும் வீணாயிருக்கும்."

நாலரை மணி நேரம், அரை டம்ளர் என்று நான் போட்ட கணக்கு அந்தத் திரையில் சுழன்றுகொண்டிருந்தது.

அவர் ஸ்கேனை ரத்து செய்யவில்லை. "இன்னைக்கே எடுக்கணும், காய்ச்சல் ஆரம்பிக்குது. கடைசி ஆளா எடுத்துக்கறேன்" என்றார். ஊசி வழியாகக் கிருமிக்கு மருந்தும் குளுக்கோஸும் ஏற்றச் சொன்னார். பச்சிலை கொடுத்ததால் ரத்தத்தை இன்னொரு முறை சோதிக்கவும் எழுதினார்.

வெளியே வந்து கணவரிடம் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற நீ?" என்றார். "அங்க நான் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ண மாதிரி ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லிகினு இருந்தேனே. பக்கத்துலயே நின்னுகினு இருந்தியே" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. எழுந்து போய் மழையில் நின்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மூன்றரை மணி நேரம் குழந்தை பசியால் அழுதாள். "காலையில நீதான பால் குடுத்த? இப்ப ஏன் குடுக்க மாட்டன்ற?" என்று கேட்டாள். அவளை மடியில் போட்டு முதுகைத் தடவினேன்.

ஒன்றரை மணிக்கு டாக்டர் மறுபடி வயிற்றைப் பார்த்தார். காலியாக இருந்தது. அதே வெள்ளை மருந்து உள்ளே போனது. பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வார்த்தையில் தூங்கிப்போனாள். கதவு மூடியது. உள்ளே மெஷின் இடிக்கும் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. நானும் கணவரும் ஆளுக்கொரு நாற்காலியில், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தோம்.

மாலையில், முதலில் காகிதத்தில் வரைந்து விளக்கிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். கருத்த பின்னணியில் பித்தக்குழாய்கள் மட்டும் வெள்ளையாக, மேலே கிளை கிளையாகப் பிரிந்து, கீழே ஒன்றாகச் சேர்ந்து இறங்கின. அடிமுனையில் வெள்ளை நின்றுபோய் ஒரு சிறிய கருப்புப் பொட்டு.

"அதுதான் கல்லு. குழாய் பிறவியில நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன் வேண்டாம். வாய் வழியாவே போயிடலாம்" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். என் கணவர் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். தினமும் கட்டம் போட்ட காகிதத்தில் சேலைக்கான புட்டாவையும் கொடியையும் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்க்கிற கண் அவருடையது. "சார், பொட்டுக்குப் பக்கத்துல இன்னொரு மெல்லிசு கோடு வந்து சேருதே, அது இன்னா?" என்று கேட்டார்.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "கணையத்துல இருந்து வர்ற குழாய். உள்ள போறப்ப அதை நான் சீண்டக் கூடாது. அது எங்க வந்து சேருதுன்னு முன்னாடியே தெரியணும். அதுக்காகத்தான் கீழ் முனை இவ்வளவு தெளிவா வேணும்னு கேட்டேன்" என்றார்.

காலை பத்து மணிக்கே எடுத்திருந்தால், நான் கொடுத்த பால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கும். அதற்கு முன்பே என் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்குமோ.

இரண்டு நாள் கழித்துக் கல்லை எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. பித்தம் தடையில்லாமல் இறங்கக் குழாயில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழல் வைத்து, சில வாரம் கழித்து அதையும் வாய் வழியாகவே எடுத்தார்கள். இவ்வளவு சின்ன வயதில் ஏன் கல் வந்தது என்று பார்க்க இன்னமும் சோதனைக்குப் போய் வருகிறோம். கண்கள் மெல்ல மெல்ல வெளுத்தன. தினமும் காலையில் தெருவாசலுக்கு இழுத்துப் போய்ப் பார்ப்பேன். "போதும்மா, கண்ணு கூசுது" என்பாள்.

என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான்தான் குடுக்கச் சொன்னேன்னு டாக்டர் கிட்ட சொன்னியா?" என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். உண்மையாகவே சொல்லவில்லை. அவருக்கும் பேத்தியைப் பற்றிய பயம்தான், எனக்கு இருந்த அதே பயம். ஆனால் இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால், "மூணு வேளையும் தவறாம போச்சு, அதான் கல்லு சுளுவா வந்துட்டுது" என்கிறார். நான் சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். என் கணவர் தறியை நிறுத்திவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். மறுபடி தறியில் நாடா ஓடத் தொடங்கும்.

அந்த மயக்க மருந்து டாக்டரை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கல் எடுக்கும் நாளில், கையில் அதே காகிதத்தோடு வந்தார். "கடைசியா எப்ப சாப்பிட்டா?" என்று, என்னை முன்பின் பார்த்திராதவர் போலக் கேட்டார். நான் நேரத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

குழந்தைக்காக அந்த வாரம் நான் என்னென்னவோ செய்தேன், ஓடினேன், விரதம் இருந்தேன்; அத்தனையிலும் உருப்படியானது அந்த அறையில் நான் கத்திச் சொன்ன உண்மை ஒன்றுதான், அதையும் மருந்து அவள் ரத்தத்தில் கலக்க ஒரு நொடி இருக்கும்போதுதான் சொன்னேன் என்பது, அவள் சிரித்து ஓடியாடும் இந்த நாளிலும் என்னை விட்டுப் போகவில்லை.